விக்கல் எடுக்கும் மாஸியும் ஐந்து நாள் பயணமும்

ஜனவரி 22, புதன்: காங்கேயம் – கரூர் – மோகனூர்

அப்பாவின் மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் இரண்டு வருடமாகக் கொட்டகையில் பிரித்துப்போட்டபடி கிடக்கிறது. 1986 மாடல். நோய் விக்கல். கொத்துக் கலப்பையை மாட்டி லிஃப்டைத் தூக்கினால் தூக்கும், ஆனால் தூக்கிய இடத்தில் நிற்காது. மெல்ல இறங்கும், சட்டென்று ஏறும், மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். இன்ஜினை நிறுத்தினால் கலப்பை அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். லிஃப்டுக்கு எண்ணெய் தள்ளுகிற பம்ப் போய்விட்டது என்று முடிவு பண்ணி, பின்பக்க எண்ணெயை இறக்கி, மேல் மூடியைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்ததோடு சரி. திருப்பூர் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிற எனக்கு வேலை முடிந்து வீடு சேர எட்டு மணி ஆகிறது. அதற்குமேல் கொட்டகை விளக்கைப் போட்டு ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி டப்பாவில் போடுவதுதான் நடந்தது.

இதற்கு முன்பு இப்படி இல்லை. கோவை கொடிசியாவில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சிக்குப் புது வண்டி பார்க்கப் போய், பழைய வண்டி பேசிக்கொண்டு நின்ற ஐந்து பேர் நாங்கள். வருடம் ஒருமுறையாவது யாராவது ஒருவர் கொட்டகையில் கூடிவிடுவோம். எங்களுக்குள் ஆளை வண்டிப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது. ஃபோர்டு அண்ணன், எச்.எம்.டி. மாமா, இண்டர்நேஷனல் வாத்தியார், லேத் பாய், மாஸித் தம்பி. கடைசிப் பெயர் என்னுடையது. அப்பா போன பிறகு நான்தான் யாருக்கும் போன் போடவில்லை. நான்கு வருடம் ஆகிவிட்டது.

பொங்கல் அன்று மாட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு அம்மா வழக்கம்போல டிராக்டருக்கும் வைக்க வந்தாள். மேல் மூடி இல்லாமல் வாய் திறந்து கிடந்த வண்டியைப் பார்த்துவிட்டு, முன்பக்க பானெட்டில் மட்டும் சந்தனத்தைத் தடவிவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரியே நான்கு பேருக்கும் போன் போட்டேன்.

ஆபீசில் விடுப்பு கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வாரச் சம்பளப் பட்டியல் போய்ச் சேர வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் என்பது மாறாத விஷயம், அதை நம்பி 312 பேர் இருக்கிறார்கள். எனவே ஒரு பையில் லேப்டாப், இன்னொன்றில், அதாவது அரிசிச் சாக்கில், பம்ப். பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும்.

கரூர் பேருந்தில் ஏறி சாக்கைக் காலடியில் வைத்தேன். வெள்ளகோவில் தாண்டுவதற்குள் எண்ணெய் கசிந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் வெங்காயச் சாக்கு வரை ஓடிவிட்டது. திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் குனிந்து பார்த்து, மடியிலிருந்த பழைய துண்டை எடுத்துச் சாக்குக்கு அடியில் திணித்தார். "மோட்டார் சாமானுங்ளா தம்பி? எங்க ஊட்லயும் கெணத்து மோட்டாரக் கழட்டுனா இந்தக் கூத்துத்தான்" என்றார். துண்டுக்குக் காசு கொடுத்தால் வாங்கவில்லை. நடத்துனர் வந்து சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுமைக் கட்டணம் கேட்காமல், கடைசி இருக்கைக்குக் கீழே தள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

கரூரிலிருந்து வாங்கல் பாலம் வழியாக மோகனூர். பாலத்தில் போகும்போது காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரும்பு சீசன். மோகனூர் கூட்டுறவு சர்க்கரை ஆலைப் பக்கம் டிராக்டர் வரிசையைப் பார்த்ததுமே எனக்குப் பசி மறந்துவிட்டது. பத்துப் பதினைந்து வண்டி தள்ளி நீல நிற ஃபோர்டு 3600 நின்றது. எஸ்கார்ட்ஸ் கூட்டில் ஃபரிதாபாத்தில் செய்த வண்டி, மூன்று சிலிண்டர். ஆனால் ஸ்டீயரிங்கில் அண்ணன் இல்லை, அண்ணி இருந்தார்கள்.

"அண்ணன் ஸ்கூல் வேன் எடுக்கப் போயிருக்காருங், அஞ்சரைக்கு வந்துருவாரு, ஏறுங்க தம்பி" என்று மட்காடைக் காட்டினார்கள். காலையிலும் மாலையிலும் அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறார். நடுவில் கரும்பு ஏற்றுகிறார். ஆலை வரிசை நகரும்போது அவர் இல்லாவிட்டால் வண்டியை முன்னால் நகர்த்துவது அண்ணியின் வேலை. கிளட்சை எவ்வளவு பதமாக விட்டார்கள் என்றால், இரண்டு டிரெய்லர் கரும்பு பின்னால் இருந்தும் ஒரு உலுக்கல் இல்லை. நான் பார்த்த பல டிரைவர்களுக்கு அந்தப் பதம் கிடையாது.

அண்ணன் வந்ததும் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. சாக்கை அவிழ்த்துப் பம்பைப் பார்த்துவிட்டு, "இதையா தூக்கிட்டு வந்தீங்க?" என்றார். ஒரு மாதிரிதான் கேட்டார், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு அவர் வீட்டில் அரிசி பருப்பு சாதம், மேலே நெய், தொட்டுக்கத் தயிரும் வெங்காய வடகமும். இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஒன்பது மணிக்கு அண்ணன் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். பழைய லாரி ஆக்சில் ஒன்று வாங்கிப் புது டிரெய்லர் கட்டுகிறார். தினமும் ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை, அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு நிமிடம் கிடையாது. அடிச்சட்டம் முடிந்துவிட்டது, பக்கப் பலகைக்கு இரும்புக் கோணம் வெட்டி வைத்திருக்கிறார். நான் கோணத்தைப் பிடித்துக்கொண்டேன், அவர் பற்ற வைத்தார். அரை மணி நேரத்தில் இவ்வளவு வேலை நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 23, வியாழன்: முசிறி வழியாகத் திருச்சி

காலையில் நல்ல குளிர். அண்ணன் ஆறரைக்கே வேனோடு கிளம்பிவிட்டார். நான் காட்டுப்புத்தூர், தொட்டியம், முசிறி என்று காவிரி வடகரை வழியாக வந்தேன். தொட்டியம் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை வாழை, முசிறிப் பக்கம் கோரை. வாழைத்தாருக்கு முட்டுக் கொடுத்த தோட்டங்களுக்கு நடுவே சின்ன டிராக்டர்கள் மட்டும் நுழைகிற பாதைகள். அகலம் குறைந்த வண்டிக்கு இந்த ஊரில் ஏன் இவ்வளவு மவுசு என்று அந்தப் பாதைகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

முசிறியில் டீ 15 ரூபாய். டீக்கடைக்காரர் சாக்கைத் தொட்டுப் பார்த்து "மாஸி பம்பா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "வாடைதான். கியர் எண்ணெயும் மண்ணும் கலந்த வாடை, எங்கப்பாவும் வச்சிருந்தாரு" என்றார்.

திருச்சி அரியமங்கலத்தில் லேத் பாயின் பட்டறை. தகரக் கூரை, இரண்டு லேத், ஒரு துளை போடும் மிஷின், சுவர் முழுக்கக் கம்பியில் கோத்த புஷ்களும் ஆயில் சீல்களும். பாய் அடையாளம் தெரியாதவர் மாதிரி முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நாலு வருஷமா தம்பி? நாலு வருஷம்!" என்றார். அதில் கோபமும் இருந்தது. இருக்கத்தான் செய்யும்.

பதினொன்றரைக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங். பட்டறையின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் லேப்டாப்பை எண்ணெய் டிரம்மின் மேல் வைத்து உட்கார்ந்தேன். ஓவர்டைம் கணக்கில் ஒரு பிரிவுக்கு இரண்டு மணி நேரம் விடுபட்டிருப்பதாகப் பேச்சு. அதே நேரம் உள்ளே பாய் என் பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். காதில் ஒன்று, கண்ணில் ஒன்று. மீட்டிங் முடிந்து உள்ளே போனபோது பம்ப் நான்கு பிஸ்டனும் வால்வுகளுமாக ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக இருந்தது. பாய் ஒவ்வொரு வால்வு அறையிலும் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"பம்புல ஒண்ணுமில்ல தம்பி. இன்னும் பத்து வருஷம் ஓடும்."

எனக்குப் பேச்சே வரவில்லை. இரண்டு வருடம். ரிப்பேர் கிட் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், 2,800 ரூபாய்க்கு.

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். நான் படித்து வைத்திருந்ததுதான், ஆனால் கோத்துப் பார்க்கவில்லை. மற்ற பல வண்டிகளில் பம்ப் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும், எண்ணெய் எங்கே போக வேண்டும் என்று வெளியே வரும் வழியில் இருக்கிற வால்வு முடிவு செய்யும். ஹாரி பெர்குசன் செய்த முறையில் அந்த வால்வு பம்ப் உறிஞ்சுகிற பக்கம் இருக்கிறது. தூக்க வேண்டும் என்றால் உறிஞ்ச விடும், போதும் என்றால் உறிஞ்சுவதையே அடைத்துவிடும். மேலே போன எண்ணெய் சிலிண்டருக்குள் பூட்டிக் கிடந்து பாரத்தைத் தாங்கும். அந்தப் பூட்டிய எண்ணெய் எங்காவது ஓரமாகக் கசிந்தால் கலப்பையைப் பிடித்திருக்கிற தூக்கு கை இறங்கும். இறங்கியது தெரிந்ததும் வால்வு திறந்து பம்ப் மறுபடி தூக்கும். மறுபடி கசியும். அதுதான் விக்கல்.

"பம்ப் ஒழுங்கா இருக்கிறதாலதான் விக்கலே வருது. பம்ப் செத்திருந்தா தூக்கவே தூக்காது" என்றார். "பக்கத்து மூடியைத் திறந்து, பாரத்தைத் தூக்கி வச்சு, இன்ஜினை ஓட விட்டு உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா?"

இல்லை. டிராக்டரின் வலது பக்கம் இருக்கும் அந்தச் சின்ன மூடியைத் திறந்தால் உள்ளே எங்கிருந்து எண்ணெய் பீய்ச்சுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மேலே எண்ணெய் ஏறுகிற குழாயின் ஓ-ரிங்கா (கசிவை அடைக்கிற ரப்பர் வளையம்), சிலிண்டர் பிஸ்டனின் வளையமா, பாதுகாப்பு வால்வா என்று. கால் மணி நேர வேலை. நான் அதைச் செய்யாமல் நேராகப் பம்புக்குப் போயிருக்கிறேன். நேற்று ஃபோர்டு அண்ணன் ஏன் அப்படிப் பார்த்தார் என்று இப்போது புரிந்தது. ஒரே ஒரு போன் போட்டிருந்தால் இந்த நான்கு பேரில் யார் வேண்டுமானாலும் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

மதியம் பாய் வீட்டில் நெய்ச்சோறும் தால்ச்சாவும். பாயின் மனைவி, "உங்க அப்பா வந்தா மாங்கா ஊறுகாயைத் தனியா கேட்டு வாங்குவாரு" என்று ஒரு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். அப்பா இந்த வீட்டில் ஊறுகாய் கேட்டுச் சாப்பிட்டது எனக்குத் தெரியாத விஷயம். என்னை விட்டுவிட்டு இரண்டு மூன்று தடவை தனியாக வந்திருக்கிறார் போல.

ஓ-ரிங் செட்டுக்கு 120 ரூபாய் வாங்கிக்கொண்டார். பிரித்துச் சேர்த்த கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பம்பைத் திருப்பிச் சேர்த்து பாலிதீன் சுற்றிக் கட்டிக் கொடுத்தார், இனிமேல் கசியாது.

ஜனவரி 24, வெள்ளி: கல்லணை, திருவையாறு, பாபநாசம்

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். காலை ஏழு மணிக்குக் கல்லணையில் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியவில்லை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற இடம், சத்தம் மட்டும் நான்கு பக்கமும் கேட்டது. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28 வரைதான் திறந்து வைப்பார்கள், ஆகவே இது சம்பாவுக்கான கடைசி நாட்களின் தண்ணீர்.

திருவையாற்றில் இறங்கி அசோகா அல்வா வாங்கினேன். மாமாவுக்கு அரைக் கிலோ, எனக்கு வாழையிலையில் சூடாக ஒரு கரண்டி. பாசிப்பருப்பும் நெய்யும் தொண்டையில் இறங்குகிற போதே குளிர் விட்டுவிட்டது.

பாபநாசம் (தஞ்சாவூர்ப் பாபநாசம்தான், திருநெல்வேலிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற பாபநாசம் இல்லை) பக்கத்தில் ஒரு கிராமத்தில் எச்.எம்.டி. மாமா. பகலில் தபால் வேலை, கிராம அஞ்சலகம். வேலைக்கு முன்னும் பின்னும் வயல். வண்டி எச்.எம்.டி. 2511, இரண்டு சிலிண்டர், 25 குதிரைத்திறன். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டார் வடிவத்தை வைத்து 1971இல் பிஞ்சோரில் எச்.எம்.டி. டிராக்டர் செய்ய ஆரம்பித்தபோது முதலில் வந்த வகை. 2016இல் அந்த டிராக்டர் தொழிலையே மூடிவிட்டார்கள். மாமாவின் வண்டியில் எத்தனையோ சாமான் லேத் பாய் கடைந்தது. டுப் டுப் என்று அந்த இரட்டைச் சிலிண்டர் ஓடுகிற சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டுவிட்டேன்.

ஊரே அறுவடையில் இருந்தது. பெல்ட் வைத்த அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கு 2,500 ரூபாய் என்றார்கள். நிற்க நேரமில்லாமல் ஓடுகிறது. மதியம் மாமி புது அரிசிச் சோறும் கெண்டைக் குழம்பும் போட்டார்கள். வாய்க்காலில் காலையில் பிடித்த மீன். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். பக்கத்து வயலில் நெல் ஏற்றிய டிரெய்லரோடு ஒரு புது ஐம்பது குதிரைத்திறன் வண்டி இறங்கிவிட்டதாம்.

மணி மூன்று. என்னுடைய பட்டியலில் இன்னும் ஓவர்டைம் திருத்தம் பாக்கி. லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வயலின் தலைமாட்டில் வாய்க்கால் ஓரம், ஈரம் காயாத இடம். பின் சக்கரங்கள் ஆக்சில் வரை புதைந்து, டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஓட்டிய பையன் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தான், முறுக்க முறுக்கக் குழி ஆழமானது. மாமா போன வேகத்தில் முதலில் அவனை இன்ஜினை நிறுத்தச் சொன்னார். இரண்டாவது, டிரெய்லர் ஊசியைக் கழற்றச் சொன்னார். "ரெண்டையும் சேத்து இழுக்காத. மொதல்ல வண்டி, அப்பறம் நெல்லு."

மாமாவின் வண்டியில் கேஜ் வீல் மாட்டியிருந்தது. உழவுச் சேற்றில் ஓட்டுகிற இரும்புச் சக்கரம், சேறு அதன் கம்பிகளுக்கு இடையே ஏறி இறங்குவதால் வண்டி மிதக்கிற மாதிரி போகும். ஆனாலும் இருபத்தைந்து ஐம்பதை இழுக்குமா என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். ஒருவர் சங்கிலியை எடுத்து மாமா வண்டியின் பின்பக்கம் மேலே, கலப்பையின் மேல் கம்பியான டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் கோக்கப் போனார். மாமா போட்ட சத்தத்தில் வரப்பில் நின்ற கொக்கு பறந்துவிட்டது.

"மேல கட்டுனா வண்டி மல்லாந்துரும்டா! கீழ, கீழ, இழுவைச் சட்டத்துல போடு!"

அது வெறும் கத்தல் இல்லை. ஆக்சிலுக்கு மேலே கட்டி இழுத்தால் இழுக்கிற விசை முன் சக்கரத்தைத் தூக்கும். வண்டி பின்னால் புரள ஒன்றிரண்டு நொடி போதும், குதிக்கக்கூட நேரம் இருக்காது. அப்படிப் போன உயிர்கள் இருக்கின்றன. நான் முழங்கால் சேற்றில் இறங்கி சங்கிலியைக் கீழே கோத்தேன். புதைந்த சக்கரங்களுக்கு முன்னால் மண்ணைச் சரிவாக வெட்டி வைக்கோலும் இரண்டு பலகையும் போட்டோம். மாமா என்னைப் பார்த்து, "நீ ஏறு தம்பி" என்றார்.

நான்கு வருடமாக ஒரு டிராக்டரையும் ஓட்டவில்லை நான். முதல் கியர், கிளட்சை அண்ணி விட்ட மாதிரி விட வேண்டும் என்று மட்டும் மனதில் சொல்லிக்கொண்டேன். சங்கிலி இறுகியது, இன்ஜின் குரல் கனத்தது, கேஜ் வீல் ஒரு முறை கடித்து நின்றது, அப்புறம் நகர்ந்தது. அந்தப் பையனும் அளவாக முறுக்கினான். புது வண்டி ஒரு பெரிய உறிஞ்சல் சத்தத்தோடு மேலே வந்தது. சுற்றி இருந்தவர்கள் போட்ட விசிலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிரெய்லருக்கு இன்னும் அரை மணி, பாதி நெல்லைத் தார்ப்பாயில் இறக்கி, இரண்டு வண்டியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி இழுத்தோம்.

அதற்குள் மணி ஐந்து பத்து. சேற்றுக் கையை வாய்க்காலில் கழுவிவிட்டு மட்காடில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். வயலில் சிக்னல் ஒரு கோடு. புது வண்டிப் பையன் தன் போனை எடுத்துக் களத்துமேட்டில் இருந்த வைக்கோல் போரின் உச்சிக்கு ஏறி, "அண்ணே, இங்க மூணு கோடு காட்டுது, என்னோடதுல கனெக்ட் பண்ணிக்கிங்க" என்று கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபது நிமிடம் இறங்கவே இல்லை. ஐந்து ஐம்பத்தி இரண்டுக்குப் பட்டியல் போய்விட்டது. 312 பேர், விடுபட்ட இரண்டு மணி நேரமும் சேர்த்து.

ஜனவரி 25, சனி: மன்னார்குடி

உடம்பெல்லாம் வலி. அம்மாப்பேட்டை, நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி வரும் வரை தூங்கிவிட்டேன்.

இண்டர்நேஷனல் வாத்தியார் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். அவருடைய பி-275, எங்கள் வண்டிகளிலேயே மூத்தது. மஹிந்திராவும் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்து 1963இல் தொடங்கிய கம்பெனியின் வண்டி. அதன் ஒவ்வொரு நட்டையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருப்பார். கொட்டகைக்குத்தான் நேராகப் போனேன். உள்ளே நான்கு ஆடுகள் கட்டியிருந்தன.

"வித்துட்டேன் தம்பி. ஆடியில. போன்ல சொல்ல மனசு வரல."

சின்ன மகளின் கல்யாணம், அப்புறம் முழங்கால் ஆபரேஷன். கிளட்சை மிதிக்க முடியாத கால். காரணத்தை அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் கேட்கவில்லை. எவ்வளவுக்கு என்றும் கேட்கவில்லை. சாரின் மனைவி பழைய சோறும் முதல் நாள் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். சாப்பிட்டு முடிக்கும் வரை இரண்டு பேரும் மழையைப் பற்றியும் நெல்லில் ஈரத்தைப் பற்றியும் பேசினோம்.

அப்புறம் நான்தான் கேட்டேன், "வண்டி எங்க இருக்கு சார்?"

பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம், கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை அடிக்கிறதாம். சார் விற்றதிலிருந்து ஒருமுறையும் பார்க்கவில்லை. டிவிஎஸ் எக்ஸலை எடுத்தேன், சார் பின்னால் உட்கார்ந்தார். கிளம்பும்போது "இருங்க" என்று உள்ளே போய் ஒரு சின்னத் துணிப்பையோடு வந்தார்.

நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு மங்கியிருந்தாலும் பார்த்தவுடன் தெரிந்தது. பானெட்டில் சார் ஒட்டிய முருகன் படம் அப்படியே இருந்தது. ஓட்டுகிற தம்பிக்கு இருபது வயது இருக்கும். சார் ஒன்றும் பேசாமல் வண்டியைச் சுற்றி வந்து, தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டார்.

"டேப்பட் சத்தம் ஜாஸ்தியா இருக்கே. கேப் பாத்தீங்களா?"

"தெரியாது சார், ஓனரைக் கேக்கணும்" என்று அவன் கொஞ்சம் பின்வாங்கினான். போன் போட்டான். எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, உடனே எழுந்து நின்று, "நீங்கதான் வாத்தியாரா சார்? பாருங்க சார், தாராளமா பாருங்க" என்றான்.

இன்ஜின் ஆறும் வரை அரை மணி காத்திருந்தோம். சார் துணிப்பையிலிருந்து இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜையும் இரண்டு ஸ்பேனரையும் எடுத்தார். முழங்கால் மடங்காது என்பதால் நான் ஒரு நெல் மூட்டையை இழுத்துப் போட்டேன், அதன்மேல் ஏறி நின்றுகொண்டார். மேல் மூடியைத் திறந்து நான்கு சிலிண்டரின் எட்டு வால்வுக்கும் டேப்பட் இடைவெளியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று தளர்ந்திருந்தன. தம்பியை அருகில் கூப்பிட்டு, முதல் இரண்டைத் தான் சரிசெய்து, மூன்றாவதை அவன் கையால் செய்ய வைத்தார். "தகடு இழுத்தா வரணும், ஆனா சும்மா வரக்கூடாது. வெண்ணெயில கத்தி போற மாதிரி. தெரியுதா?" முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல். வண்டியை மறுபடி கிளப்பியபோது அந்தக் கடகடப்பு போய்விட்டது. சார் ஸ்டீயரிங்கை ஒரு முறை தடவினார். ஏறி உட்காரச் சொன்னான் அந்தத் தம்பி. வேண்டாம் என்றுவிட்டார்.

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போது தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அங்குல ஸ்பேனர் முழு செட். என் மாஸிக்கும் அதே அளவுதான், எப்போது வந்தாலும் இதில் ஏதாவது ஒன்றைக் கடன் வாங்கிப் போவேன். "இனிமே எனக்கு எதுக்கு? ரெண்டு மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன், அந்தப் பையன் வண்டிக்கு வேணும். மாசம் ஒரு தடவை வரேன்னு சொல்லியிருக்கேன்." பம்ப், லேப்டாப், ஸ்பேனர் பெட்டி. தோள் இரண்டும் இறங்கிவிட்டன.

செம்மொழி எக்ஸ்பிரஸில் டிக்கெட் ஆர்.ஏ.சி.யில் நின்றுவிட்டது. பக்கவாட்டு இருக்கையில் பாதி எனக்கு, பாதி கோவையில் மகனைப் பார்க்கப் போகும் ஒரு பெரியவருக்கு. இரண்டு பேரும் கால் நீட்ட முடியாது. தஞ்சாவூர் தாண்டியதும் அவர் எழுந்து, "நீங்க நீட்டிப் படுங்க தம்பி, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நான் கரூர் வரைக்கும் உக்காந்துக்கறேன்" என்றார். மறுத்தேன், கேட்கவில்லை. தகரப் பெட்டியின்மேல் தன் சால்வையை மடித்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். கரூரில் நான் எழுந்து அவரைப் படுக்க வைத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு: வீடு

விடியும் முன்பே திருப்பூர். ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ, முதல் பேருந்தில் காங்கேயம். வீட்டுக்கு வந்து குளிக்காமல்கூட நேராகக் கொட்டகைக்குப் போனேன். அம்மா பின்னாலேயே காபியோடு வந்து, பேசாமல் கல்லில் உட்கார்ந்தாள்.

டார்ச்சை அடித்துக் குழாயை வெளியே எடுத்தேன். பம்பிலிருந்து மேலே எண்ணெய் ஏறுகிற அந்தக் குழாயின் மேல்பக்க ஓ-ரிங் கல் மாதிரி இறுகி, ஒரு இடத்தில் நகம் நுழையும் அளவுக்குக் கீறியிருந்தது. கையில் வைத்து அழுத்தினேன், இரண்டாக உடைந்தது. படம் எடுத்து நான்கு பேருக்கும் அனுப்பினேன். முதலில் பாய்தான் கூப்பிட்டார். "அதை மாட்டிட்டு நிக்காதீங்க, சிலிண்டர் பிஸ்டன் வளையத்தையும் பாருங்க, மூடி கையில இருக்கும்போதே பாத்துருங்க" என்றார். பார்த்தேன், வளையம் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதையும் மாற்றிவிடலாம் என்று செட்டில் இருந்த புதியதை எடுத்து வைத்தேன். பம்பை உள்ளே உட்கார வைத்து, குழாயைப் புது ஓ-ரிங்குகளோடு மாட்டியாயிற்று. வாத்தியார் சாரின் ஸ்பேனர் ஒவ்வொன்றும் நட்டில் பல் பதிந்த மாதிரி உட்காருகிறது.

மேல் மூடியை மட்டும் வைக்கவில்லை. தூக்கு கைகளோடு சேர்ந்த கனம், ஒருத்தரால் ஆகாது. போன தடவை கழற்றும்போது நான் ஒரு மரக்கட்டையை நெம்புகோலாக வைத்துத் தனியாகச் சமாளித்தேன், விரல் நசுங்கப் பார்த்தது. மத்தியானம் ஃபோர்டு அண்ணன் கூப்பிட்டார். பள்ளியில் கொடியேற்றி முடிந்து வேனைக் கழுவிக்கொண்டிருக்கிறாராம். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அண்ணியோடு வருகிறார். கனம் தூக்குகிற சங்கிலி பிளாக் அவரிடமே இருக்கிறது, எண்ணெய் மட்டும் நான் வாங்கி வைக்க வேண்டும்.